பாறசாலை வாயனசாலையில் தமிழ்ப் புத்தகம் இருக்குமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

கேரளாவில் வேலை பார்க்கும் தமிழரா நீங்கள்? அப்படியென்றால் ஜூன் மாதம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் புத்தக அட்டைப் படங்கள் வரிசையாக வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜூன் 19 அங்கே 'வாயனதினம்', அதாவது வாசிப்பு தினம். கேரள நூலக இயக்கத்தின் தந்தை எனப்படும் பி.என். பணிக்கர் இறந்த நாள் அது. ஒரே நாளில் முடியும் சடங்கும் இல்லை. நூலக இயக்கத்தின் இன்னொரு முன்னோடி ஐ.வி. தாஸின் பிறந்த நாளான ஜூலை 7 வரை இழுத்து, 'வாயன பக்ஷம்' என்று கிட்டத்தட்ட மூன்று வாரம் கொண்டாடுகிறார்கள். பள்ளியில் உறுதிமொழி, ஊர் நூலகத்தில் புத்தக விவாதம், மாணவர்களுக்கு வாசிப்புப் போட்டி என்று மாநிலம் முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும்.

நல்ல விஷயம்தான். நம்ம பக்கம் இதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் நிறைய பேர்; நானும் அந்த லிஸ்ட்டில் உண்டு.

ஆனால் இதே கொண்டாட்டத்தைத் திருவனந்தபுரத்தில் இருந்து தெற்கே ரயிலில் எடுத்துக்கொண்டு போங்கள். நெய்யாற்றின்கரை, அடுத்து பாறசாலை. கன்னியாகுமரி லைனில் கேரளாவின் கடைசி ஸ்டேஷன் பாறசாலைதான். அங்கிருந்து சாலை வழியே சில கிலோமீட்டர் போனால் களியக்காவிளை. கடைப் பலகையில் எழுத்து மாறும், பஸ்ஸின் நிறம் மாறும். பேச்சு மட்டும் அவ்வளவு சட்டென்று மாறாது. இஞ்சிவிளை, காரோடு, வெள்ளறடை, பனச்சமூடு பக்கமெல்லாம் ஒரே வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். கல்யாணம் இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம், சந்தை ரெண்டு பக்கமும்.

இந்த ஊர்களில் "நம்ம மொழிப் புத்தகங்களைக் கொண்டாடுவோம்" என்று ஒரு நூலகம் சொன்னால், அதில் 'நம்ம மொழி' எது? அங்கே ஒரு தமிழ் அலமாரி வைக்க வேண்டுமென்றால் என்ன நடக்கணும், யாரிடம் கேட்கணும்? சட்டமா தடுக்குது, பணமா, இல்லை வேறு ஏதாவதா? சுருக்கமான பதில்: சட்டம் தடுக்கவில்லை.

எல்லைக்கோடு அங்கே வந்தது எப்போது?

பணிக்கர் நூலக சங்கத்தை ஆரம்பித்தது 1945-ல், அம்பலப்புழாவில். 47 கிராம நூலகங்களோடு தொடங்கிய அதன் பெயர் அகில திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம். அந்தப் பெயரைக் கவனியுங்கள். 'கேரளா' என்ற சொல் அதில் கிடையாது. அப்போது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை எல்லாமே ஒரே சமஸ்தானத்தின் தாலுகாக்கள். சமஸ்தானத்தின் எல்லை ஆரல்வாய்மொழியில் இருந்தது. நெய்யாற்றின்கரையில் பிறந்த பத்திரிகையாளர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையை, அரசை விமர்சித்ததற்காக 1910 செப்டம்பர் 26-ல் நாடு கடத்தினார்களே, அப்போது அவரைக் கொண்டுபோய் விட்டது திருநெல்வேலிப் பக்கம். களியக்காவிளை அன்று எதற்கும் எல்லை இல்லை.

மொழிவாரி மாநிலப் பேச்சு வந்தபோது மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் வாழும் ஒன்பது தாலுகாக்களைக் கேட்டது. நெய்யாற்றின்கரையும் அந்தப் பட்டியலில் உண்டு. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1955-ல் ஃபசல் அலி கமிஷன் அறிக்கை வந்தபோது மெட்ராஸுக்குப் பரிந்துரைக்கப்பட்டவை ஐந்து தாலுகாக்கள்: தெற்கில் நான்கு, கூடவே செங்கோட்டை. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், நெய்யாற்றின்கரை நான்கும் கேரளாவில் நின்றன. 1956 நவம்பர் 1-ல் கோடு விழுந்தது.

கோடு விழுந்ததும் நூலகங்களும் இரண்டாகப் பிரிந்தன. பலரும் பேசாத பகுதி இது. விளவங்கோட்டு நூலகங்கள் மெட்ராஸின் 1948 நூலகச் சட்டத்துக்குள் போயின. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. பின்னால் இருந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். நெய்யாற்றின்கரை நூலகங்கள் சங்கத்தின் வழியில் போய், பிறகு கேரளாவின் 1989 பொது நூலகச் சட்டத்துக்குள் வந்தன. இரண்டும் நல்ல சட்டங்கள்தான். ஆனால் வேலை செய்யும் விதம் தலைகீழ்.

பணம் யாருடையது, புத்தகம் யார் கையில்?

ரெண்டு மாநிலத்திலும் நூலகத்துக்குப் பணம் தருவது நீங்கள்தான், வீட்டு வரி வழியாக. தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. கேரளாவில் கட்டட வரியில் ரூபாய்க்கு 5 பைசா. ஒரு வீட்டுக்கு வருஷ வரி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். களியக்காவிளைப் பக்கம் அந்த வீடு நூலகத்துக்கு 200 ரூபாய் கொடுக்கும், பாறசாலைப் பக்கம் 100 ரூபாய். வரி ரசீதில் 'உங்க தாய்மொழி என்ன' என்று கேட்கும் கட்டம் எதுவும் கிடையாது. பாறசாலையில் வீடு வைத்திருக்கும் தமிழரும் அந்த 100 ரூபாயைக் கட்டுகிறார்.

இந்தப் பணம் புத்தகமாக மாறும் வழியில்தான் வித்தியாசம். தமிழ்நாட்டில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் அரசுடையவை. நூலகர் அரசுத் துறையின் ஆள். புத்தகங்களைச் சென்னையில் இருந்து பொது நூலக இயக்ககம் மொத்தமாக வாங்கும். பதிப்பாளர்கள் வாயில் எப்போதும் இருக்கும் 'நூலக ஆணை' என்ற சொல் இந்தக் கொள்முதலைத்தான் குறிக்கிறது. கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கும், புரவலர்கள் இருப்பார்கள், கூட்டம் போடுவார்கள். ஆனால் அலமாரியில் என்ன வரும் என்பதில் அவர்களுடைய பிடி குறைவு.

கேரளாவில் கிராம நூலகம் அரசு அலுவலகமே கிடையாது. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. 'வாயனசாலை' என்று போர்டு வைத்திருப்பார்கள். மாநில நூலகக் கவுன்சிலோடு இணைந்த நூலகங்கள் 8,000-க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் கவுன்சில் ஏ-பிளஸில் இருந்து எஃப் வரை கிரேடு போடும். அந்த கிரேடைப் பொறுத்து வருஷ கிராண்ட். நூலகத்தை நடத்துவது உறுப்பினர்களின் பொதுக்குழு தேர்ந்தெடுக்கும் கமிட்டி. அங்கிருந்து பிரதிநிதிகள் தாலுகாவுக்கு, பிறகு மாவட்டத்துக்கு, அப்புறம் மாநிலத்துக்கு என்று தேர்தல் வழியாக மேலே போவார்கள். ஆமாம், நூலகத்துக்குத் தேர்தல். அரசியல் கட்சிகள் அதை சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேரளா பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இப்போது நம் கேள்விக்கு வாங்க. பாறசாலைப் பக்கம் ஒரு வாயனசாலையில் தமிழ்ப் புத்தகம் வாங்கலாமா என்பதைக் கொள்கை அளவில் திருவனந்தபுரம் முடிவு செய்யத் தேவையில்லை. கமிட்டி முடிவு செய்யலாம். கமிட்டியைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கிறது. பொதுக்குழுவில் தமிழ் வாசிக்கும் இருபது பேர் உறுப்பினராக இருந்து, கையைத் தூக்கினால் விஷயம் அஜெண்டாவுக்கு வந்துவிடும். சென்னையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகருக்கு இல்லாத அதிகாரம் இது.

அப்புறம் என்ன சிக்கல்? புத்தகம் வந்து சேரும் பாதைதான். மாவட்ட நூலகக் கவுன்சில்கள் 'புஸ்தகோத்சவம்' என்ற புத்தகத் திருவிழாவை நடத்துகின்றன. இணைந்த நூலகங்கள் தங்கள் புத்தக கிராண்டை அங்கே போய்ச் செலவு செய்யும். கமிட்டிக்காரர்கள் ஜீப் பிடித்து வருவார்கள், கடை கடையாக ஏறி இறங்கிப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போவார்கள். இந்த ஏற்பாட்டால்தான் மலையாளப் பதிப்புலகத்துக்கு உறுதியான சந்தை கிடைக்கிறது. மலையாளப் பதிப்பாளர் கடை போடுவார், ஏனென்றால் அவருக்கு ஆயிரக்கணக்கான நூலகங்கள் வாடிக்கையாளர். நாகர்கோவிலில் இருந்தோ சென்னையில் இருந்தோ ஒரு தமிழ்ப் பதிப்பாளர் ஸ்டால் வாடகை, லாரிச் செலவு போட்டு அங்கே எதற்கு வருவார்? வாங்கப் போவது எல்லையோரத்து சில நூலகங்கள்தானே. அவர் வராததால் கமிட்டி வாங்காது, கமிட்டி வாங்காததால் அவர் வரமாட்டார். யாரும் யாரையும் வெறுக்காமலேயே ஒரு மொழி அலமாரியை விட்டு வெளியே போகும் வழி இது.

வாசிப்புப் போட்டியிலும் இதே கதை. கவுன்சில் நடத்தும் வாசிப்புப் போட்டி நூலக மட்டத்தில் தொடங்கி மாநில மட்டம் வரை போகும். பையனும் பொண்ணும் உட்கார்ந்து நாவல் படிக்கிறார்கள், அருமையான ஏற்பாடு. அதன் மையம் மலையாளப் புத்தகங்கள். வீட்டில் தமிழ் பேசும் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை அதில் ஜெயிக்கலாம். ஜெயிக்கிற அளவுக்கு மலையாளம் படித்த பிறகு, அந்தப் பிள்ளையால் தன் பாட்டியின் தமிழ்ப் புத்தகத்தை எழுத்துக்கூட்டியாவது படிக்க முடியுமா?

எண்கள் எங்கே ஏமாற்றுகின்றன?

2011 சென்சஸ்படி கேரளாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர், மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.5%. இடுக்கி மாவட்டத்தில் ஆறில் ஒருவருக்கு மேல் தமிழர். தோட்டத் தொழிலாளர்கள் கூட்டமாக வாழும் இடம், அதனால் எண்ணிக்கையில் பளிச்சென்று தெரிகிறார்கள். எல்லையோர கிராமங்களில் கதை வேற. இங்கே இரண்டு மொழியும் ஒரே வாக்கியத்தில் இருக்கும். 'உங்க தாய்மொழி?' என்று கணக்கெடுப்பாளர் கேட்டால், பள்ளியில் மலையாளம் படித்தவர், ரேஷன் கார்டு முதல் சம்பளச் சீட்டு வரை மலையாளத்தில் வாங்குபவர், யோசிக்காமல் மலையாளம் என்பார். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. இந்த ஒரு சொல்லில் ஒரு வீடு தமிழ்க் கணக்கில் இருந்து காணாமல் போகும்.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. டேட்டாவோடு மல்லுக்கட்டும் எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. சென்சஸில் 'எழுத்தறிவு' என்றால் ஏழு வயதுக்கு மேல், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருப்பது. எந்த மொழி என்பது அந்த வரையறையில் கணக்கே இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 93%, கன்னியாகுமரியின் எழுத்தறிவு கிட்டத்தட்ட 92%. இரண்டுமே பெருமைப்படும் எண்கள். ஆனால் தமிழ் பேசும் எத்தனை பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று கேட்டால் இந்த எண்கள் வாயைத் திறக்காது. மொழி ஒரு அட்டவணையில், எழுத்தறிவு இன்னொரு அட்டவணையில். நூலகத்துக்கு வேண்டியது இரண்டும் சந்திக்கும் இடம்.

பேச்சு தங்கி எழுத்து போவதற்கு ஒரு தலைமுறை போதும். பள்ளி அதைச் செய்துவிடும். தமிழ்நாட்டின் 2006 தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது; கேரளாவின் 2017 மலையாள மொழிச் சட்டம் அதே பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. எல்லையின் இரு பக்கமும் மாநிலங்கள் ஒரே காரணத்தைச் சொல்லி, ஒரே வேலையைச் செய்தன. விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு மலையாள எழுத்து நழுவுவதும், பாறசாலையில் தமிழ் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து நழுவுவதும் ஒரே கண்ணாடியின் இரு பக்கம். நாம் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கோபப்படுவது வழக்கம்.

நழுவியதை மீட்க முடியும் என்பதற்கும் இதே மண்ணில் ஆதாரம் இருக்கிறது. நாகர்கோவிலில் பிறந்த சுந்தர ராமசாமி பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுதப் படிக்கக் கற்றது 18 வயதில். பிறகு தகழியின் 'செம்மீன்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். தேங்காப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் படித்தவர். 1997-ல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்குச் சாகித்ய அகாதமி விருது வாங்கியது தமிழில். திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன் அந்தத் தெருவையே தமிழ்க் கதைகளாக எழுதினார்; 2015-ல் அவருக்கும் அதே விருது. நீல. பத்மநாபனுக்கு 2007-ல்.

நெய்யாற்றின்கரை தாலுகாவுக்குள்ளேயே பார்த்தால் அருவிப்புறம் இருக்கிறது. 1888-ல் நாராயண குரு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்த ஊர். குரு மலையாளம், சமஸ்கிருதம், தமிழ் மூன்றிலும் எழுதியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். வாயன பக்ஷத்தில் அவருடைய மலையாள நூல்களை வைக்கும் மேசையிலேயே தமிழ்ப் பதிகங்களையும் வைத்தால் யாரும் ஆட்சேபம் சொல்லப் போவதில்லை. எல்லையோர நூலகத்தில் 'பிராந்தியப் புத்தகம்' என்று ஒன்றைக் கொண்டாடச் சொன்னால், என் ஓட்டு இப்படி இரண்டு மொழியிலும் கால் வைத்திருக்கும் புத்தகங்களுக்கு.

இது வேறு எங்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, நம்ம எல்லையைப் போலவே ஒரு எல்லையில். ஜெர்மனியும் டென்மார்க்கும் பங்குபோட்டுக்கொண்ட ஷ்லெஸ்விக் பகுதியில் 1920-ல் வாக்கெடுப்பு நடத்திக் கோடு போட்டார்கள். ஜெர்மன் பக்கம் டேனிஷ் பேசுபவர்கள் மிஞ்சினார்கள், டேனிஷ் பக்கம் ஜெர்மன் பேசுபவர்கள். 1955-ல் இரண்டு அரசுகளும் தத்தம் சிறுபான்மையினரின் உரிமைகளை அறிவித்தன. இன்று ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க் நகரில் டேனிஷ் மத்திய நூலகம் இயங்குகிறது. அதன் புத்தக வண்டிகள் கிராமம் கிராமமாகப் போகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் டென்மார்க்கின் ஆபென்ரோவில் ஜெர்மன் சிறுபான்மையினரின் நூலகம், அதற்கும் வண்டிகள். டேனிஷ் நூலகத்துக்கான பணத்தில் பெரும்பகுதி டென்மார்க்கில் இருந்து வருகிறது. அதாவது, மொழி எந்த நாட்டுடையதோ அந்த நாடு எல்லை தாண்டிப் புத்தகத்துக்குச் செலவு செய்கிறது, எல்லைக்குள் இருக்கும் நாடு அதைச் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை.

"நாம ரொம்ப சின்ன எண்ணிக்கை, எங்களுக்கு யார் வாங்குவாங்க" என்ற வாதத்துக்குச் சிங்கப்பூரைச் சொல்லலாம். 2020 சென்சஸில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுபவர்கள் 2.5% மட்டுமே. அங்கே பொது நூலகங்களில் தமிழ்ப் பிரிவு இருக்கிறது, வாங்குவதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள். அங்கே தமிழ் ஆட்சிமொழி என்பது உண்மை. பாறசாலையில் அந்த வசதி இல்லை. ஆனாலும் கேரளாவின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் தர வேண்டும் என்கிறது. மனு எழுத உரிமை உண்டு, நாவல் படிக்க ஏற்பாடு இல்லை என்ற இடத்தில்தான் நிற்கிறோம்.

இதைவிடப் பக்கத்தில் ஒரு முன்மாதிரி 2024 டிசம்பர் 12-ல் நடந்தது. வைக்கத்தில் தந்தை பெரியார் நினைவகத்தையும் நூலகத்தையும் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார், பினராயி விஜயனும் கூட இருந்தார். தமிழ்நாடு அரசின் பணம், 8 கோடி ரூபாய்க்கு மேல், நிலம் கேரளாவுக்குள். தமிழ்நாடு கேரள மண்ணில் நூலகம் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. வைக்கம் வரலாற்றுச் சின்னம், அதற்கு அரசியல் மதிப்பு உண்டு. காரோட்டுக்கு ஒரு புத்தக வண்டி அனுப்பினால் ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் அது கடினம். இந்தப் பகுதியின் பெயர் செய்தியில் வருவதே பெரும்பாலும் தண்ணீருக்காக: நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்குத் தண்ணீர் நின்றது 2004-ல், சண்டை இன்னும் ஓயவில்லை. 2022-ல் தமிழ்நாட்டின் பொது நூலகத் துறை பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆறுகளின் பெயரில் இலக்கியத் திருவிழா ஆரம்பித்தபோது நெய்யாறு நினைவுக்கு வராததில் அதிசயமில்லை. இரண்டு மாநிலமும் உரிமை கோரும் ஆறு, ரெண்டு மொழி எழுத்தாளர்களையும் ஒரே மேடையில் உட்கார வைக்க அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

சரி, நடைமுறையில் என்ன?

அரசுகளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றால், வழி வாயனசாலை உறுப்பினர் அட்டையில் தொடங்குகிறது. உங்கள் சொந்த ஊர் இந்தப் பக்கம் என்றால், வீட்டில் யாராவது உறுப்பினரா என்று கேட்டுப் பாருங்கள். பொதுக்குழுவில் ஓட்டு உறுப்பினருக்குத்தான். புத்தகம் தானம் கொடுப்பவருக்கு இல்லை. தானமாக வரும் புத்தகங்களைக் கமிட்டி வாங்கிக்கொள்ளும், நன்றி சொல்லும், மேல் தட்டில் அடுக்கும். கமிட்டியே தீர்மானம் போட்டு வாங்கினால் அது ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும், அடுத்த வருஷமும் கேட்க வழி இருக்கும். எல்லையோர நூலகங்கள் பத்து சேர்ந்து ஒரே லிஸ்ட்டாகக் கேட்டால், நாகர்கோவிலில் இருந்து ஒரு பதிப்பாளர் மாவட்டப் புஸ்தகோத்சவத்துக்கு வண்டி எடுக்கக் காரணம் கிடைக்கும். அதுவரைக்கும் திருவனந்தபுரம் பாளையத்தில், 1829-ல் தொடங்கிய மாநில மத்திய நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. போனில் படிப்பவர் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இலவசம்.

அடுத்து, கணக்கெடுப்பு. புதிய சென்சஸின் அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. 2011 படிவத்தில் தாய்மொழிக்கு ஒரு கட்டம், அதற்கு அடுத்து 'தெரிந்த மற்ற மொழிகள்' என்று இரண்டு மொழிகள் வரை எழுத இடம் இருந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை மாதிரி ஊர்களுக்கு அந்த இரண்டாவது கேள்வியும் முக்கியம், ஆனால் கேட்பவரும் சொல்பவரும் அவசரத்தில் தாண்டிப் போகிற கேள்வியும் அதுதான். வீட்டுக்கு ஆள் வரும்போது நீங்கள் பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பீர்கள். பதில் சொல்லப் போவது ஊரில் இருக்கும் அம்மாவோ அப்பாவோதான். முன்கூட்டியே ஒரு போன் போட்டுப் பேசி வையுங்கள்.